காமரா உள்ளுக்குள்ள ஒரு பாத்ரூம், கூடத்துல மடக்கு பந்தி: எங்க கும்பகோணம் வீட்டு வேலை

2016 மகாமகத்துக்கு எங்க வீட்டுல 31 பேர் தங்கினாங்க. பிப்ரவரி 22 தீர்த்தவாரி, அதுக்கு மொத நாள் ராத்திரியிலேர்ந்தே கூடம், ரேழி, திண்ணை, மொட்டை மாடின்னு எங்க பாத்தாலும் பாய். ஒரே ஒரு கக்கூஸ், அதுவும் கொல்லைக் கடைசியில. விடியக்காலை 3 மணிக்கே கிணத்து மேடையில ஏழெட்டு பேர் தோள்ல துண்டோட உக்காந்து கதை பேசிக்கிட்டு இருப்பாங்க, அதுதான் க்யூ. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லல. அடுத்த மகாமகம் 2028ல, அதுக்கும் எல்லாரும் இங்கதான்னு அன்னைக்கே முடிவாயிடுச்சு.

போன ஆடியில அம்மா முத்தத்து ஓரத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சுது. ஆபரேஷன், அப்புறம் வாக்கர். அம்மா படுக்குற இடத்துலேர்ந்து கொல்லை கக்கூஸ் வரைக்கும் டேப் வச்சு அளந்தேன், 74 அடி. நடுவுல மூணு நிலைப்படி, ஒரு எடத்துல அரையடி எறக்கம். மூணு மாசம் பெட் பேன்தான், அதைப்பத்தி அம்மாவும் எழுத விட மாட்டாங்க, நானும் எழுதல.

பொண்ணு கோயம்புத்தூர்ல காலேஜ் சேந்துட்டா, அவ ரூமு மாடியில சும்மாதான் கெடக்கு, ஆனா அம்மாவால மாடி ஏற முடியாது. சரி கீழயே அம்மாவுக்கு ஒரு ரூம் பண்ணுவோம், விருந்தாளிங்களுக்கு மாடின்னு மொதல்ல நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் 2016ல வந்தவங்க லிஸ்டை வீட்டுக்காரியோட உக்காந்து எண்ணிப் பாத்தோம். அத்தைக்கு இப்ப 78. சித்தப்பாவுக்கு பைபாஸ் ஆயிடுச்சு. சின்ன மாமாவுக்கு ரெண்டு முட்டியும் மாத்தியாச்சு. அன்னைக்கு பாய்ல படுத்த ஆளுங்கள்ல பாதிப்பேர் இன்னைக்கு கீழ உக்காந்தா எழுப்பிவிட ரெண்டு ஆள் வேணும். அப்ப அம்மாவுக்கு என்ன தேவையோ அதேதான் வர்றவங்களுக்கும் தேவை, தனித்தனியா ரெண்டு வேலை கெடையாதுன்னு தோணுச்சு. அதுக்கப்புறம்தான் பிளானே மாறுச்சு.

வீட்டைப்பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். 18 அடி அகலம், நீளம் 100 அடிக்கு மேல, ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டோட பொதுச்செவுரு. திண்ணை, உள்ள நுழையுற நடையான ரேழி, ரேழிக்கு வலது பக்கம் காமரா உள்ளுன்னு ஒரு ரூம், அப்புறம் முத்தத்தோட கூடம், ரெண்டாங்கட்டு, அடுக்களை, கொல்லை. காமரா உள்ளு 16க்கு 9. தாத்தா காலத்துல நெல்லு மூட்டை, அப்பா காலத்துல ரெண்டு பீரோ, எங்க காலத்துல ஒடைஞ்ச சைக்கிள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கூடத்துப் பக்கம் ஒரு பழைய கதவு, பீரோ மறைச்சு பல வருஷமா தொறக்கவே இல்ல.

மேஸ்திரி பாத்ததும் தெருப்பக்கம் பாத்ரூம் போட்டுடலாம் தம்பி, பாதாள சாக்கடை கிட்டக்க இருக்கு, பைப்பு செலவு மிச்சம்னாரு. நியாயம்தான். ஆனா அங்க போட்டா இருக்குற ஒரே ஜன்னல் பாத்ரூமுக்குப் போயிடும், அம்மா காத்தே இல்லாத பெட்டிக்குள்ள படுக்கணும். அதனால உள்பக்கம், கூடத்தை ஒட்டி 5 அடியை வெட்டி பாத்ரூம், மிச்சம் 11க்கு 9 கொஞ்சம் கம்மியா ரூம். அந்த பழைய கதவு இப்ப பாத்ரூமுக்கு ரெண்டாவது வாசல் ஆயிடும், கூடத்துல தங்குறவங்க அம்மா ரூமுக்குள்ள நுழையாமலே போயிட்டு வரலாம். இந்த ஐடியா வந்த அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம். அந்த ரெண்டு கதவுதான் பின்னாடி மானத்தை வாங்குச்சு, அதுக்கு வர்றேன்.

பைப்பு 27 அடி போகணும். 4 இன்ச் பைப்பு, 10 அடிக்கு 2 இன்ச் வாட்டம், ஆக கடைசியில அஞ்சரை இன்ச் எறங்கும். எங்க வீட்டு தரைமட்டம் தெருவை விட 21 இன்ச் ஒசரம், அதனால வாட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. காவித்தரையை ஓரமா ஒரு அடி அகலத்துக்கு ஒடைச்சு, திண்ணைக்கு அடியில தொளைச்சு வெளிய கொண்டு வந்து, திண்ணை அடியிலயே ஒரு சின்ன சேம்பர் கட்டி தெரு லைன்ல சேத்தாச்சு. ஒடைச்ச தரையில பழைய காவிப் பளபளப்பு திரும்ப வரவே இல்ல. அந்த ஓரம் மட்டும் செங்கல் பொடி நெறத்துல தனியா தெரியும், பாய் போட்டு மறைச்சிருக்கோம்.

மேல ஓட்டை போடுறதுதான் எனக்கு நடுக்கமா இருந்துச்சு. பாத்ரூமுக்கு ஜன்னல் கெடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் காத்தை மாடி வழியாத்தான் வெளிய தள்ளணும். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு கட்டைங்க மேல செங்கல்லை குத்துக்கல்லா மூலைவாட்டுல அடுக்கி சுண்ணாம்புல பூசினது. ஒரு கல்லு ஒழுங்கா கழலலன்னா பக்கத்துக் கல்லும் கூடவே வந்துடும். மேஸ்திரி அண்ணன் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல சாக்பீஸால கோடு போட்டு, சுத்தியே தொடாம கட்டிங் மெஷின், உளி மட்டும் வச்சு அரை நாள் பொறுமையா எடுத்தாரு. அந்த அரை நாளும் நான் கீழ ஏணியை பிடிச்சுக்கிட்டு நின்னேன், ஏணி ஆடவே இல்ல, நான்தான் ஆடினேன்.

கதவு அகலத்துல மொத சண்டை. பாத்ரூம் கதவுன்னா ரெண்டரை அடிதான் தம்பி, எல்லா வீட்டுலயும் அதான்னாரு. வாக்கரை கொண்டு வந்து அவர் முன்னாடியே வச்சு காட்டினேன், வாக்கர் நுழையுது, வாக்கரைப் பிடிச்ச கை முட்டி ரெண்டும் நெலையில இடிக்குது. சரின்னு மூணு அடி போட்டாரு. கதவு வெளிப்பக்கமா தொறக்கணும்னு சொன்னதுக்கும் மொகத்தைச் சுளிச்சாரு. உள்ள ஒருத்தர் கதவோரமா விழுந்துட்டா உள்பக்கம் தொறக்குற கதவை எப்படி தள்ளுவீங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் எங்க வீட்டுலயும் மாத்திடறேன்னாரு.

டைல்ஸ் பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ், ஒண்ணுக்கு ஒண்ணு அடி. பெரிய டைல்ஸ் போட்டா வாட்டம் குடுக்க கஷ்டம், சின்னதுன்னா கிரவுட் கோடு நெறைய வரும், அது காலுக்கு பிடிமானம். இதுல எனக்கு சந்தேகமே இல்ல. தகராறு எங்கன்னா, பாத்ரூம் தரைன்னா ரூமை விட மூணு நாலு இன்ச் பள்ளமா இருக்கணும், இல்ல வாசல்ல ஒரு கட்டை இருக்கணும்ங்கறது எழுதப்படாத சட்டம். அந்தக் கட்டைதான் வயசானவங்க கால் தட்டுற எடமே. எனக்கு கட்டை வேணாம், அரை இன்ச் சரிவு போதும், குளிக்கிற எடத்தை கதவுலேர்ந்து தூரமா அந்தக் கோடியில வச்சு அங்க மட்டும் நல்ல வாட்டம் குடுங்கன்னேன். தண்ணி வெளிய வந்தா என்னைக் கேக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு போட்டாரு.

டைல்ஸ் ஒட்டின ரெண்டாம் நாள் சாயங்காலம் அவர் போனப்புறம் பழைய சாமான்ல கெடந்த கோலிகுண்டு ஒண்ணை எடுத்துக்கிட்டு போய் குளிக்கிற எடத்துல வச்சேன். அது வடிகால் ஜாலியைப் பாத்து ஓடணும். ஓடுச்சு. ஒரு அடி போயி யோசிச்ச மாதிரி நின்னுச்சு, அப்புறம் மெதுவா திரும்பி அம்மா ரூம் கதவைப் பாத்து உருண்டுச்சு. நாலு எடத்துல வச்சுப் பாத்தேன், மூணு எடத்துல ஜாலிக்குத்தான் போச்சு, அந்த ஒரு எடத்துலதான் இந்தப் பஞ்சாயத்து. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினேன், வாசல் வரைக்கும் நாக்கு மாதிரி ஒரு கோடு வந்து நின்னுது. காலையில மேஸ்திரி வந்தாரு, நான் ஒண்ணும் சொல்லல, கோலியை கையில குடுத்தேன். அவரே குந்தி உக்காந்து வச்சுப் பாத்துட்டு பீடியை எடுத்தவரு திரும்ப பையில போட்டுட்டு, ரெண்டு வரிசை எடுத்துடறேன்னாரு. ஈரம் காயுறதுக்குள்ள பாத்ததால டைல்ஸ் மூணுதான் ஒடைஞ்சுது. யாராவது பாத்ரூம் போட்டா ஸ்பிரிட் லெவலோட ஒரு கோலிகுண்டும் வச்சுக்கோங்க, சிமெண்ட் இறுகுறதுக்கு முன்னாடி உருட்டிடுங்க.

டைல்ஸுக்கு முன்னாடியே வாட்டர்ப்ரூஃபிங் பூசி, ஜாலியை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சோம். ஓரத்துல பென்சில்ல கோடு போட்டு தண்ணி எறங்குதான்னு பாத்தேன், ஆவியா போன அளவுதான் எறங்குச்சு. இதுல ஒரு தகராறும் இல்ல.

க்ளோசெட்ல பிளம்பர் தம்பி சொதப்பிட்டான். தரை வழியா வெளியேத்துற எஸ் ட்ராப் க்ளோசெட்டுக்கு செவுத்துலேர்ந்து பைப்பு நடு வரைக்கும் 9 இன்ச் வேணும். கரெக்டா 9 வச்சான், ஆனா பூசாத செவுத்துலேர்ந்து. பூச்சும் டைல்ஸும் வந்தப்புறம் ஏழரைதான் இருந்துச்சு. க்ளோசெட் டேங்க் செவுத்துல முட்டி உள்ள போகல. பைப்பை திரும்ப வெட்டி நகத்தினோம், ஒரு நாள் கூலி வீண். அளவை எப்பவும் வேலை முடிஞ்ச செவுத்துலேர்ந்து எடுக்கணும், இது புஸ்தகத்துலயே இருக்குற பாடம்தான், இருந்தாலும் பாதி வீட்டுல இதே தப்பு நடக்குதுன்னு கடைக்காரரு சிரிச்சாரு. அம்மாவுக்கு சாதா ஒசரத்துல உக்காந்தா எந்திரிக்க முடியல, அதனால அடியில ரெண்டு இன்ச் கிரானைட் மேடை போட்டு சீட்டை 18 இன்ச்சுக்கு ஏத்தியாச்சு.

கைப்பிடிக் கம்பி கதை தனி. பழைய செவுரு 14 இன்ச், பாத்தா கோட்டை மாதிரி இருக்கும், ட்ரில் வச்சா உள்ள சுண்ணாம்பும் மண்ணும் மாவா கொட்டுது. ஆங்கர் போல்ட்டை முறுக்க முறுக்க அது பாட்டுக்கு சுத்துது, விரல்ல இழுத்தா கையோட வந்துடுச்சு. அதுல அம்மா தொங்கியிருந்தா? அதனால க்ளோசெட்டை புதுசா கட்டின நாலரை இன்ச் செவுத்தோரமா கொண்டு வந்தோம், நடுவுலேர்ந்து செவுத்துக்கு 18 இன்ச், கை நீட்டினா கம்பி. போல்ட்டை செவுத்தை தொளைச்சு அந்தப் பக்கம் ரூமுக்குள்ள இரும்புத் தகடு வச்சு நட்டு போட்டு முறுக்கியாச்சு. தகடு ரெண்டும் அம்மா கட்டில் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னாடி மறைஞ்சுடுச்சு. போட்டு முடிச்சதும் நான் 84 கிலோ, ரெண்டு காலையும் தூக்கிட்டு தொங்கிப் பாத்தேன். துண்டு போடுற கம்பியை கைப்பிடின்னு சொல்லி விக்கிறாங்க, அதை நம்பாதீங்க.

கரண்ட் வேலையில பழைய மர கேசிங் வயரிங்கை அந்த ரூமுக்கு மட்டும் முழுசா எடுத்துட்டோம். கீசர் 3 கிலோவாட், அதுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் தனியா. கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. ஒண்ணு. கட்டில்கிட்ட ஒரு ஸ்விட்ச், கதவுகிட்ட ஒரு ஸ்விட்ச், ரெண்டும் ஒரே லைட்டுக்கு. இந்த டூ வேக்கு ஆன செலவுதான் இருக்குறதுலயே கம்மி, அம்மா தெனம் புகழுறதும் அதைத்தான்.

இனி கூடம். கீழ எல போட்டு பந்தி போடுற காலம் எங்க வீட்டுல முடிஞ்சுது, டேபிள் பந்திதான். ஆனா டேபிள் வாங்கிப் போட்டா மிச்ச நாள்ல வாக்கர் போக வழி இல்ல. அதனால செவுத்துல மடக்குற மாதிரி. கணக்கு ரொம்ப சுலபமா அமைஞ்சுது. ப்ளைவுட் ஷீட் 8க்கு 4. நாலடியை மூணா கீறினா ஒவ்வொண்ணும் 16 இன்ச்சுக்கு ஒரு நூல் கம்மி, ஒரு வாழை எலைக்கும் ஒரு டம்ளருக்கும் அது போதும். ஆளுக்கு ரெண்டடின்னா 8 அடியில நாலு பேர். ஒரே ஷீட்டுல 12 பேர் பந்தி. 19 எம்எம், தண்ணி தாங்குற பி.டபிள்யூ.பி. கிரேடுதான் வாங்கினேன், சாம்பாரும் ரசமும் கொட்டுற பலகை, சாதா கமர்ஷியல் ப்ளை தாங்காது.

செவுரு நம்பகமில்லைன்னு தெரிஞ்சுபோச்சு, அதனால எடையை செவுத்து மேல ஏத்தாம ஒவ்வொரு பலகைக்கும் ரெண்டு மடக்குக் கால். செவுத்துல ஒரு தேக்கு ரீப்பர் சட்டம், அதுல பலகை நீளத்துக்கும் வர்ற பியானோ கீல், பலகை கீழ தொங்கும், தூக்கி காலை விரிச்சா 29 இன்ச் ஒசரத்துல மேஜை. ஆசாரி முதல் பலகைக்கு மேல் பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டினாரு, நானும் காசு மிச்சம்னு விட்டுட்டேன். பத்தே நாள்ல பலகை வளைஞ்சு நடுவுல அரை இன்ச் குழி, சாம்பார் ஊத்தினா ஒருத்தர் எலையிலேர்ந்து பக்கத்து எலைக்குப் போற மாதிரி. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா ஒரு பக்கம் ஈரம் வாங்கும், மறுபக்கம் வாங்காது, அதான் வளையுது. மத்த ரெண்டுக்கும் அடியிலயும் ஒட்டியாச்சு. வளைஞ்சது அப்படியே இருக்கு, அதுல பசங்களை உக்கார வைக்கிறோம்.

முத்தத்தைச் சுத்தி, அம்மா விழுந்த எடம், தூணுக்குத் தூண் ஜிஐ பைப் கம்பி. நிரந்தரமா போட்டா விசேஷத்துக்கு எடம் அடைக்கும்னு தரையில சாக்கெட் பதிச்சு உருவுற மாதிரி போட்டேன். நிலைப்படியை வெட்டலாமான்னு ஒரு தடவ வாயெடுத்தேன், மஞ்சள் குங்குமம் வைக்கிற நெலையில ரம்பம் வைப்பியாடான்னு அம்மா பாத்த பார்வையில அந்தப் பேச்சு முடிஞ்சுது. மூணு இன்ச் ஒசரத்துக்கு ரெண்டு பக்கமும் மரச்சரிவுதான். சட்டப்படி 12க்கு 1 சரிவு, மூணு இன்ச்சுக்கு மூணு அடி வேணும், ரேழி வாசல்ல அவ்வளவு எடம் இருந்துச்சு, கூடத்துப் பக்கம் ரெண்டு அடிதான் கெடச்சுது. அங்க மட்டும் வாக்கர் எறங்கும்போது ஒருத்தர் பக்கத்துல நிக்கணும்.

மொத்தம் 3 லட்சத்து 12 ஆயிரம் ஆச்சு, அதுல பாத்ரூம் மட்டும் 1 லட்சத்து 95 ஆயிரம்.

தை மாசம் தங்கச்சி பொண்ணுக்கு வளைகாப்பு, அதுதான் முதல் பரீட்சை. சாப்பிட 45 பேர், ராத்திரி தங்கினது 11 பேர். பந்தி நாலு ரவுண்டுல முடிஞ்சுது. அத்தை பாத்ரூம்லேர்ந்து வெளிய வந்து, ஏன்டா கம்பி ஸ்திரமா இருக்குடா, என் வீட்டுக்கும் அந்த ஆளை அனுப்புன்னாங்க. எனக்கு காலரைத் தூக்கிவிட்டுக்கலாம் போல இருந்துச்சு.

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா என்னை கூப்பிட்டாங்க. பாத்ரூம் கதவு தொறக்கல. உள்ள லைட்டு இல்ல, தட்டினா பதில் இல்ல. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு, யாரோ உள்ள விழுந்துட்டாங்கன்னு. கூடத்துப் பக்கம் சுத்தி ஓடிப்போய் பாத்தா அந்தக் கதவு தெறந்தே கெடக்கு. கூடத்துலேர்ந்து போனவங்க யாரோ அம்மா பக்கத்துக் கதவை உள்ள தாப்பா போட்டிருக்காங்க, வேலை முடிஞ்சதும் வந்த வழியே வெளிய வந்துட்டாங்க, அந்த தாப்பா அப்படியே இருக்கு. யாரைச் சொல்றது, ரெண்டு கதவுள்ள பாத்ரூம் அவங்க யாருக்கும் பழக்கம் இல்ல, எனக்குமே இல்ல. அந்த நேரத்துல அம்மா வாக்கரோட நின்னுக்கிட்டு, இதுக்கு கொல்லையே தேவலடான்னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க. 3 லட்சத்து 12 ஆயிரம்.

காலையிலேயே ஆசாரியைக் கூப்பிட்டு அந்த தாப்பாளை கழட்டிட்டு, வெளிப்பக்கம் ஒரு காசை வச்சு திருப்பினா தொறக்குற மாதிரி பூட்டு போட்டோம். அம்மா தலமாட்டுல ஒரு அஞ்சு ரூபா காசு நூல்ல கட்டித் தொங்குது. கூடத்துப் பக்கம் உள்ள ஒரு அட்டையில, போகும்போது ரெண்டு தாப்பாளையும் எடுத்துடுங்கன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்.

இன்னொண்ணும் நான் எதிர்பார்க்கல. அத்தைக்கு ரூமைக் குடுத்துட்டு அம்மா எங்க படுப்பாங்கன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், அம்மா என்னடான்னா மறுநாளே கட்டிலை கூடத்துல போடச் சொல்லிட்டாங்க. எல்லாரும் இங்க பேசிக்கிட்டு இருக்கீங்க, நான் மட்டும் அங்க செவுத்தைப் பாத்துக்கிட்டு கெடக்கணுமான்னாங்க. கட்டிலை நாலு பேர் தூக்க வேண்டியிருந்துச்சு. இப்ப அதுக்கு பிரேக் உள்ள சக்கரம் மாட்டியாச்சு, அதனால கட்டில் ஒசரம் மூணு இன்ச் ஏறிப்போச்சு, கால் எட்டலன்னு கட்டில் காலை அறுத்துக் குட்டையாக்கினோம்.

பாக்கி இருக்குறது வாசல். தெருவுலேர்ந்து 21 இன்ச், ஏழேழு இன்ச்சா மூணு படி. சரிவு போடணும்னா 21 அடி வேணும், எங்க வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல நாலு அடிதான், அதுவும் அம்மா கோலம் போட்ட எடம். இப்ப வீட்டுக்காரிதான் போடுறா, அம்மா திண்ணையிலேர்ந்து புள்ளி சரியில்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அதனால சரிவு இல்ல, ஒவ்வொரு படியிலயும் பாதி அகலத்துக்கு நடுவுல ஒரு அரைப்படி, மூணரை இன்ச் ஒசரம், ஒரு பக்கம் மட்டும், கூடவே ஒரு கைப்பிடி. மேஸ்திரி நேத்து வந்து சிமெண்ட் இல்லாம சும்மா கல்லை அடுக்கிக் காட்டினாரு. அம்மா ஒரு கையால என் தோளையும் இன்னொரு கையால தூணையும் பிடிச்சுக்கிட்டு எறங்கி, தெருவுல ரெண்டு நிமிஷம் நின்னு, எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டு பேசிட்டு திரும்ப ஏறினாங்க. நடுப்படி கொஞ்சம் ஒசரமா இருக்காம், அரை இன்ச் கொறைக்கச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை பூசுறோம்.